வேமத், பிளாக்பூல், ஸ்கார்பரோ: குடும்பத்தோடு எந்தக் கடலுக்குப் போவது?

"கடலுக்குப் போகணும், ரெண்டு ராத்திரி தங்கணும், எந்த ஊர் நல்லா இருக்கும்?" ஜூலை பிறந்தால் போதும், லண்டனில் தெரிந்தவர்கள் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். வீட்டில் மூத்தவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? கடைக்குட்டிக்கு என்ன வயது? பணம், ஓட்டல், வானிலை எல்லாம் அப்புறம். இந்த இரண்டும் தெரிந்தால் ஊர் பாதி முடிவாகிவிடும்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. அம்மா வருடத்தில் மூன்று மாதம் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருப்பார். வயது 71. இரண்டு முழங்காலிலும் வலி. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம். கடலில் கால் நனைப்பதோடு சரி. மகளுக்கு 10 வயது, ராட்டினம், ரயில், பொம்மைக் கடை என்று அலைவாள். மகனுக்கு 4, மணலைக் கண்டால் வேறெதுவும் வேண்டாம். என் கணவரால் ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது, எங்காவது ஏறிப் பார்க்க வேண்டும். இப்படி நான்கு திசைக்கு இழுக்கும் ஒரு குடும்பத்துக்கு ஏற்ற ஊரைத்தான் மூன்று கோடைகளாகத் தேடினோம்.

முதல் கோடையில் படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தோம். மேற்கே, பிரிஸ்டல் கால்வாயை ஒட்டிய ஊர். படத்தில் நீலக் கடல், பொன் மணல். நாங்கள் போய் நின்றபோது கடலே இல்லை. வாளியும் மண்வாரியுமாக ஓடிய மகன் பாதியில் நின்றுவிட்டான். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, நடுவே ஓர் எச்சரிக்கைப் பலகை: சேற்றில் இறங்காதே, புதைந்துவிடுவாய். நம் ஊர்க் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் போல வித்தியாசம் இருக்கும், கவனிக்கவே மாட்டோம். பிரிஸ்டல் கால்வாயின் உள்முனையில் அது 14 மீட்டர் வரை போகும். உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. கடல் திரும்பி வந்தபோது மணி மாலை ஆறு, எங்கள் ரயில் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் இந்த நாட்டில் கடற்கரைக்குப் போகக்கூடாது என்று அன்று புரிந்துகொண்டேன்.

இரண்டாவதாக ஒன்றும் புரிந்தது, அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் நீந்துவதற்காக உருவானவை அல்ல. நோயாளிகள்தான் முதலில் வந்தார்கள். ஸ்கார்பரோவில் 1626 வாக்கில் மலையடிவாரத்தில் ஒரு கனிம நீரூற்றை ஒரு பெண்மணி கண்டுபிடிக்க, அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று பேச்சு பரவியது. பக்கத்திலேயே கடல் இருந்ததால் அதில் முங்கி எழவும் ஆரம்பித்தார்கள். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீர் வைத்தியம் பற்றி எழுதிய பிறகு பணக்காரர்கள் பிரைட்டனுக்குப் படையெடுத்தார்கள். அப்புறம் ரயில் வந்தது, கூடவே ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஆனால் குளிரும் காற்றும் மாறவில்லையே! அதனால் கடல் ஓரமாக நடக்க அகலமான நடைபாதை, மழை வந்தால் ஒதுங்கக் கண்ணாடிச் சாவடிகள், கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம், வாத்திய மேடை, பூந்தோட்டம், பத்தடிக்கு ஒரு பெஞ்சு என்று கட்டினார்கள். தண்ணீரில் இறங்காமலே கடலோடு ஒரு நாளைக் கழிக்க வேண்டியவர்களுக்காகவே கட்டிய ஊர்கள் இவை. என் அம்மாவைப் போன்றவர்கள்தான் இந்த ஊர்களின் உண்மையான விருந்தாளிகள் என்று நான் மனதார நம்புகிறேன். அதனால் இப்போது ஓர் ஊரைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, அம்மா எங்கே உட்காருவார் என்பதைத்தான். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பேரன் தோண்டும் பள்ளம் தெரிய வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதானால் யோசிக்கவே வேண்டாம், சவுத்எண்ட். லண்டன் ஃபென்சர்ச் தெருவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே தேம்ஸ் நதியின் முகத்துவாரம் வற்றும்போது ஒரு மைலுக்கு மேல் சேறுதான். கப்பல் கரைக்கு வர முடியாததால்தான் 2.16 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டினார்கள். இந்த மாதிரிப் பாலத்தை இங்கே பியர் என்பார்கள். உலகத்திலேயே நீளமான உல்லாசப் பியர் இதுதான். அதன் மேலேயே ரயில் ஓடுகிறது. முழங்கால் வலிக்காரர் ஒரு படி கூட ஏறாமல் நடுக்கடலுக்குப் போய் வந்துவிடலாம். ஆனால் இரண்டு இரவு தங்க அங்கே வேலை இல்லை.

பிரைட்டன் கூழாங்கல் கடற்கரை. நான்கு வயதுப் பையனுக்கு மணல் கிடையாது, அம்மாவின் கால் கற்களில் நிற்காது. அந்த ஊருக்கு வேறொரு நாள் போக வேண்டும், வேறு காரணத்துக்காக. ராயல் பெவிலியன் என்ற அரண்மனை முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. இறந்துபோன இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடத்தில், ஊருக்கு வெளியே புல்வெளிக் குன்றின் மேல், சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் 1921இலிருந்து நிற்கிறது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

போர்ன்மத் மணலுக்கும் வெயிலுக்கும் முதல்தரம், குளிக்க மட்டும் என்றால் அங்கேயே போங்கள். கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

இவற்றைத் தள்ளிவிட்டால் எங்கள் பட்டியலில் மிஞ்சியவை மூன்று: தெற்கே வேமத், வடமேற்கே பிளாக்பூல், வடகிழக்கே ஸ்கார்பரோ. மூன்றுமே லண்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதனால் தூரத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

வேமத்தில் மணல்தான் எல்லாம். அவ்வளவு மென்மையான மணலை இந்த நாட்டில் வேறெங்கும் நான் மிதித்ததில்லை. ஈரமாக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி நிற்கும். அங்கே மணல் சிற்பம் செய்வதையே தலைமுறை தலைமுறையாக ஒரு தொழிலாக வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் அதுதான். வளைந்த விரிகுடாவின் உள்ளே கடற்கரை ஒதுங்கி இருப்பதால் பெரிய அலை கிடையாது. ஆழம் மெல்லத்தான் கூடும், இருபது அடி உள்ளே போனாலும் மகனுக்கு முட்டி வரைதான் தண்ணீர். ஓத வித்தியாசமும் குறைவு, எந்நேரம் போனாலும் கடல் இருக்கும். ஆகஸ்டில் தண்ணீர் 17 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். நமக்கு அது குளிர்தான், ஆனாலும் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்.

நடைபாதையை ஒட்டி ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடுகள் வரிசையாக நிற்கும். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெரும் நோயிலிருந்து எழுந்து 1789இல் உடம்பு தேற இங்கேதான் வந்தார். சக்கரம் வைத்த மர அறை ஒன்றை குதிரை தண்ணீருக்குள் இழுத்துப் போகும், அதிலிருந்தபடியே அவர் கடலில் இறங்குவார். அவர் முங்கும்போது பக்கத்து வண்டியிலிருந்து வாத்தியக்காரர்கள் வாழ்த்துப்பா வாசித்தார்களாம். அந்த மாதிரி வண்டி ஒன்றின் நகலும் மன்னரின் வண்ணச் சிலையும் இன்றும் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. மகள் அந்த வண்டியை மூன்று முறை சுற்றி வந்து, "ராஜா ஏம்மா ஒளிஞ்சு குளிச்சாரு?" என்றாள்.

குறை என்ன? மழை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. மணலை நம்பிப் போன ஊரில் மணல் இல்லையென்றால் என்ன செய்வது? மீன் காட்சியகம் ஒன்று உண்டு, துறைமுகத்தில் நூலில் இரை கட்டி நண்டு பிடிக்கலாம், அவ்வளவுதான். வெயில் அடித்தால் போர்ட்லண்ட் முனைக்கும் செசில் கடற்கரைக்கும் பஸ்ஸில் போய் வரலாம். செசில் 29 கிலோமீட்டருக்கு நீளும் கூழாங்கல் மேடு, பார்க்க வேண்டிய இடம். அம்மா அந்த ஐந்து மணி நேரமும் ஒரு சாவடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவருக்கென்று அந்த ஊரில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு உறுத்தியது. பேரப்பிள்ளைகளைக் காவல் காக்கத்தான் அவர் அங்கே வந்த மாதிரி ஆகிவிட்டது.

பிளாக்பூல் அதற்கு நேர் எதிர். மழை பெய்தாலும் அந்த ஊருக்குக் கவலையே இல்லை. ஒரு காலத்தில் லங்காஷயர் பஞ்சாலை ஊர்கள் ஒவ்வொன்றும் வருடத்தில் ஒரு வாரம் ஆலையை மூடும், கொதிகலன்களைச் சரிபார்ப்பார்கள். அந்த வாரம் தெருவோடு தெருவாக மக்கள் பிளாக்பூலுக்கு ரயில் ஏறுவார்கள். அடுத்த வாரம் வேறொரு ஊர். வருடம் முழுக்கப் புகையிலும் இரைச்சலிலும் உழைத்தவனுக்கு அந்த ஒரு வாரத்தில் மழை வந்துவிட்டால் என்ன கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த ஊர் வளர்ந்தது. 1894இல் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து 158 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டினார்கள். அதன் நான்கு கால்களுக்கு நடுவே ஒரு சர்க்கஸ். அடியிலேயே ஒரு நடனக்கூடம். மூன்று பியர்கள். 1885இலிருந்து ஓடும் மின்சார டிராம், தெற்கே ஸ்டார் கேட்டிலிருந்து வடக்கே ஃப்ளீட்வுட் வரை 11 மைல். உலகின் மிகப் பழைய மின்சார டிராம் பாதைகளில் அது ஒன்று.

அந்த நடனக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பொன்முலாம் பூசிய மாடங்கள், வண்ண ஓவியம் தீட்டிய விதானம், தொங்கும் சரவிளக்குகள், மரத்தால் ஆன தரை. மேடையில் பெரிய வுர்லிட்சர் ஆர்கன் வாசிக்கிறார்கள். எழுபது எண்பது வயதுத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள், யாருக்கும் அவசரம் இல்லை. நாங்கள் ஓரத்து மேஜையில் டீயும் ஸ்கோனும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினார். இரண்டு சுற்றுத்தான் ஆடியிருப்பார்கள். திரும்பி வந்து அமர்ந்து மூச்சு வாங்கினார். அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு போனில் ஊரில் என் சித்தியிடம் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பெரியவரைப் பற்றித்தான் பேசினார்.

மகளுக்குப் பிளாக்பூல் சொர்க்கம். பிளெஷர் பீச் என்ற கேளிக்கைப் பூங்காவில் பெரிய ராட்டினங்களுக்கு உயர வரம்பு உண்டு, சிலவற்றுக்கு அவள் ஓர் அங்குலம் குறைவு. போகுமுன் வீட்டுச் சுவரில் அளந்து பார்த்துவிடுங்கள், வாசலில் நின்று அழும் பிள்ளையைத் தேற்றுவது பெரும்பாடு. கோபுரத்தின் உச்சியில் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீழே சாலையில் டிராம் எறும்பாக ஊரும். என் கணவர் அதில் படுத்தே பார்த்தார். கடற்கரையில் கழுதைச் சவாரி உண்டு. அந்தக் கழுதைகளுக்கு நகராட்சி வேலை நேரமும் சாப்பாட்டு இடைவேளையும் வகுத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை முழு ஓய்வு. ஆகவே வெள்ளியன்று போய்க் கழுதையைத் தேடாதீர்கள்.

அப்புறம் ராக் மிட்டாய். ஒரு கடையில் செய்வதை நின்று பார்த்தோம். கொதித்து இறக்கிய சர்க்கரைப் பாகு ஆறி மாவுப் பதத்துக்கு வந்ததும் ஒரு பகுதியைக் கொக்கியில் போட்டு இழுத்து இழுத்து மடிக்கிறார்கள், நம் ஜவ்வுமிட்டாய்க்காரர் செய்வது போலவே. காற்றுப் புகுந்து அது வெள்ளையாகிவிடும். சிவப்புப் பாகைப் பட்டையாக வெட்டி, வெள்ளைப் பட்டையை இடைவெளிகளில் வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் செங்கல் அளவுக்கு அடுக்குகிறார்கள். எழுத்துகளைச் சேர்த்துச் சுற்றினால் பனைமரத் துண்டு மாதிரி ஒரு உருளை. அதை உருட்டி உருட்டி இழுக்க, விரல் தடிமனுக்கு வந்துவிடும். எங்கே ஒடித்தாலும் ஊர்ப் பெயர் இருக்கும். மகள் அங்கேயே மூன்று இடத்தில் ஒடித்துப் பார்த்தாள்.

இத்தனையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்று, செலவு. மணலுக்குக் காசில்லை, ஆனால் பிளாக்பூலில் மணலில் இருந்து பத்தடி நகர்ந்தால் பர்ஸைத் திறக்க வேண்டும். கோபுரம், சர்க்கஸ், ராட்டினம் எல்லாம் சேர்த்தால் ரயில் செலவைத் தாண்டிவிடும். இரண்டு, வாரக் கடைசி இரவுகள். கல்யாணத்துக்கு முந்தைய குடிக் கொண்டாட்டத்துக்கு நாடெங்கும் இருந்து இளவட்டங்கள் வருகிறார்கள். நடுப்பகுதியில் அறை எடுத்தால் தூக்கம் போய்விடும். வடக்குக் கரைப் பக்கம் தங்குங்கள், டிராம் இருப்பதால் தூரம் பொருட்டே இல்லை. அல்லது தெற்கே செயின்ட் ஆன்ஸில் தங்கிப் போய் வாருங்கள். மூன்றாவது, மனதைப் பிசையும் விஷயம். இங்கிலாந்தின் மிக ஏழ்மையான நகரங்களில் பிளாக்பூலும் ஒன்று. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் பூட்டிய கடைகளும் சிதைந்த விடுதிகளும் தெரியும். மக்கள் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போக ஆரம்பித்த பிறகு இந்த மாதிரி ஊர்கள் பட்ட அடி அது. நாம் போய்ச் செலவழிக்கும் காசு அங்கே உள்ளூர்க்காரர்களுக்குத் தேவைப்படுகிறது, அதையும் நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பிளாக்பூலுக்கு ஆகஸ்ட் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. ஆகஸ்ட் கடைசியில் அங்கே விளக்கு அலங்காரம் தொடங்கும், கடற்கரைச் சாலையில் ஆறு மைலுக்கு. 1879இல் எட்டே மின்சார விளக்குகளோடு ஆரம்பித்த வழக்கம். இப்போது ஜனவரி முதல் நாட்கள் வரை நீள்கிறது. அக்டோபர் கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வருமே, அப்போது போங்கள். சீக்கிரம் இருட்டிவிடும், சின்னப் பிள்ளைகள் தூங்கப் போவதற்குள் விளக்கைப் பார்த்துவிடலாம். டிராமின் ஜன்னலோரத்தில் பாட்டியையும் பேரனையும் உட்கார வைத்தால் ஒரு படி நடக்காமல் முழு அலங்காரமும் முன்னால் ஊர்வலமாகப் போகும்.

சரி, ஸ்கார்பரோ. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் இரண்டு மணி நேரம், அங்கே வண்டி மாறி இன்னும் ஐம்பது நிமிடம். ரயிலிலிருந்து இறங்கியதும் நடைமேடையை ஒட்டி ஒரு மர பெஞ்சு நீண்டுகொண்டே போகிறது. 139 மீட்டர். உலகத்தின் நீளமான ரயில் நிலைய பெஞ்சு என்கிறார்கள். உல்லாசப் பயணிகள் ரயில் ரயிலாக வந்து இறங்கிய காலத்தில் திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் உட்காரப் போட்டது. அம்மா அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டியபோதே இந்த ஊர் சரிப்படும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் ஊரின் அமைப்பு நம் பக்கம் இல்லை. ஊர் மேலே, கடல் கீழே, நடுவே செங்குத்துச் சரிவு. முழங்கால் வலிக்காரரை எப்படி இறக்குவது என்று நான் தவித்தபோது அந்தச் சரிவில் ஒரு பெட்டி தண்டவாளத்தில் இறங்கி வந்தது. இன்னொரு பெட்டி எதிரே ஏறியது. "அட, பழனி விஞ்சு!" என்றார் அம்மா. அதேதான், 1881இலிருந்து ஓடுகிறது. நாட்டிலேயே முதல் விஞ்சு ஓடியதும் இந்த ஊரில்தான், 1875இல், தெற்குச் சரிவில். இரண்டு நாளில் ஆறு முறை ஏறி இறங்கினார். பாதிக்கு மேல் தேவைக்காக அல்ல, ஆசைக்காக.

இரண்டு விரிகுடாக்கள், நடுவே குன்று, அதன் மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை. தெற்கு விரிகுடாவில் துறைமுகம், காசு போட்டு விளையாடும் கடைகள், மீன் கடைகள், இரைச்சல். வடக்கு விரிகுடா அமைதி, வண்ண வண்ண மரக் குடில்கள், நல்ல மணல். கோடையில் இரண்டையும் இணைத்துக் கடலோரமாகக் கூரையில்லாத மாடி பஸ் ஓடுகிறது. என் கணவர் ஒரு காலை முழுக்கக் கோட்டையிலும் அதன் அடியில் உள்ள தேவாலய முற்றத்திலும் கழித்தார். 1849இல் உடம்பு தேறலாம் என்று கடைசி நம்பிக்கையில் இங்கே வந்த எழுத்தாளர் ஆன் பிரான்ட்டி மூன்றே நாளில் இறந்துபோய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் வயதைக் கூட 28 என்று தவறாகப் பொறித்துவிட்டார்கள், அவருக்கு 29.

எங்களைக் கட்டிப்போட்டது பீஸ்ஹோம் பூங்கா. வடக்கு விரிகுடாவுக்குப் பின்னால், ஜப்பானியப் பாணியில், 1912இல் அமைத்தது. நடுவே ஏரி. கோடையில் வாரத்தில் சில நாள் அந்த ஏரியில் கடற்போர் நடக்கும், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் அளவுள்ள போர்க்கப்பல்கள், பீரங்கி வெடி, புகை. 1927இலிருந்து நடத்துகிறார்கள். ஏரி நடுவே மிதக்கும் மேடையில் ஆர்கன் வாசிப்பு. கரைச் சரிவில் வரிசையாக இருக்கைகள், கோயில் தெப்பத்துக்குக் குளக்கரைப் படியில் கூட்டம் உட்கார்ந்திருக்குமே, அப்படி. அம்மா மடியில் மகன், அவர்கள் முன்னால் மகள். ஒரு கப்பலிலிருந்து புகை கிளம்பியதும் மகன் காதைப் பொத்திக்கொண்டு "பாட்டி, அது செத்துப்போச்சா?" என்று கேட்டான். "இல்லடா, நாளைக்கு மறுபடி வரும்" என்றார். நான்கு பேரும் ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். மூன்று ஊரில் வேறெங்கும் அது நடக்கவில்லை. பூங்கா வாசலிலிருந்து கடலோரமாகக் குட்டி ரயில் வேறு ஓடுகிறது, 1931இலிருந்து.

மழைக்கும் வழி உண்டு. தெற்குக் கோடியில் ஸ்பா கட்டடத்தில் கோடைதோறும் ஒரு வாத்தியக் குழு வாசிக்கிறது. 1912இல் தொடங்கிய குழு. கடற்கரை ஊர்களில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த இந்தத் தொழில்முறைக் குழுக்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

குறைகளை மறைக்க மாட்டேன். வட கடல் குளிர்ந்தது, ஆகஸ்டிலும் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். மகன் கணுக்காலோடு திரும்பிவிட்டான். வெயில் அடிக்கிறதே என்று பார்த்தால் கடலிலிருந்து வெள்ளை மூட்டம் ஏறி வந்து அரை மணியில் ஊரையே மூடிவிடும், ஃப்ரெட் என்பார்கள். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஏற்றத்தின்போது தெற்கில் மணல் சுருங்கிவிடும். அங்கே தண்ணீரின் தரம் பற்றி உள்ளூர்க்காரர்களே கவலைப்படுகிறார்கள், குளிப்பதானால் வடக்குக்குப் போவது நல்லது. எந்த ஊரானாலும் மே 15 முதல் செப்டம்பர் 30 வரை அரசு குளிக்கும் கடல்நீரைச் சோதித்து நான்கு தரமாகப் பிரித்துக் கடற்கரையில் பலகை வைக்கிறது. பிள்ளையைத் தண்ணீரில் விடுமுன் அதைப் படித்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் நிறைய மீன் சிப்ஸ் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கும் அதே கொழுப்பில்தான். வெறும் சிப்ஸ்தானே, சைவம்தானே என்று அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடக்கூடாது. எந்த எண்ணெய் என்று கேளுங்கள், வெஜிடபிள் ஆயிலில் பொரிக்கும் கடையும் அங்கேயே இருக்கும். நான் கேட்டபோது யாரும் முகம் கோணவில்லை. நாங்கள் முதல் நாளுக்குப் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டே போய்விடுவோம். வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால் கடற்புறா மேல் ஒரு கண் இருக்கட்டும். மகள் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலம் பின்னாலிருந்து வந்த ஒரே வீச்சில் போய்விட்டது, சிறகு அவள் கன்னத்தில் பட்டது. சுவரோரமாக, முதுகை மறைத்து உட்காருங்கள்.

அறை எடுக்கும்போது மூன்று ஊருக்கும் ஒரே விதி. இந்த விடுதிகள் பெரும்பாலும் பழைய நான்கு மாடி வீடுகள், குறுகிய படி, பலவற்றில் லிஃப்ட் கிடையாது. இணையத்தில் பதிவு செய்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். போன் செய்து, தரைத்தள அறையா, வாசலில் எத்தனை படி என்று கேளுங்கள். ஒரு முறை நான் கேட்காமல் விட்டு, அம்மா மூன்றாம் மாடிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ரயிலுக்குக் குடும்ப ரயில் அட்டை வாங்கிவிடுங்கள். 5 முதல் 15 வயதுக்குள் ஒரு பிள்ளையாவது கூட வந்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். இந்த மாதிரித் தொலைவுக்கு ஒரே பயணத்தில் அட்டையின் விலை திரும்பிவிடும். ஐந்துக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம்.

ஆக, வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஆறு வயதுக்குள், பெரியவர்கள் யாரும் வரவில்லை, வானிலை அறிக்கை வெயில் என்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேமத். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள், கையில் கொஞ்சம் கூடுதல் பணம், அக்டோபர் விடுமுறை என்றால் பிளாக்பூல். பாட்டியோ தாத்தாவோ கூட வருகிறார்கள், வயது நாலும் எழுபதும் கலந்த கூட்டம் என்றால் ஸ்கார்பரோவைத்தான் சொல்வேன், குளிர்ந்த கடலோடும் மூட்டத்தோடும் சேர்த்தே.

எங்களுக்கு இந்த ஆகஸ்டிலும் அதே ஊர்தான். வடக்கு விரிகுடாப் பக்கம், தரைத்தள அறை, வாசலில் ஒரே ஒரு படி. ஓத அட்டவணையை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். முதல் நாள் காலை வற்றம், மகன் மணலுக்கு. மதியம் பீஸ்ஹோம் கப்பல்களுக்கு. கடற்போர் நடக்கும் கிழமைகளைப் பார்த்துத்தான் ரயில் டிக்கெட்டே எடுத்தோம்.